வாசலில் வந்து ஃபைபர் இணையம் விற்பவரிடம் உடனே கையெழுத்துப் போடாதீர்கள்

சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் வட்டாரத்தில் வீடு வீடாக வந்து இணையத் திட்டம் விற்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் உள்ள தமிழ்க் குடும்பங்கள் இதைக் கட்டாயம் படியுங்கள்.

எங்கள் வீட்டுக்கு வந்தவர் கழுத்தில் அட்டை போட்டிருந்தார், நல்ல தமிழ் பேசினார். "அக்கா, பிள்ளைங்க எந்த ஸ்கூல்?" என்றுதான் ஆரம்பித்தார். மூத்தவள் உயர்நிலை இரண்டு, அவளுக்கு மாதத்தில் இரண்டு நாள் வாக்கில் வீட்டிலிருந்து கற்றல் உண்டு என்று சொன்னதும் பிடித்துக்கொண்டார். அரசாங்கம் ஃபைபரை 10 ஜிபிபிஎஸ் வேகத்துக்கு மாற்றுகிறது, பழைய இணைப்பைச் சீக்கிரம் நிறுத்திவிடுவார்கள், பள்ளியின் பாடத்தளம் இனிமேல் பழைய வேகத்தில் சரியாக ஓடாது என்றார். அறைக்குள் வைஃபை விட்டுவிட்டு வருவதைச் சொன்னேன். "இது சுவரைத் தாண்டிப் போகும் அக்கா, கவலையே வேண்டாம்." நானும் நம்பி டேப்லெட்டில் கையெழுத்துப் போட்டேன், 24 மாத ஒப்பந்தம்.

அவர் சொன்னதில் ஒரே ஒரு துண்டுதான் உண்மை. நாட்டின் ஃபைபர் கட்டமைப்பை 10 ஜிபிபிஎஸ்ஸுக்கு மேம்படுத்த 10 கோடி வெள்ளிவரை செலவிடப்போவதாக 2024இல் அரசாங்கம் அறிவித்தது. அதனால் ஒவ்வொரு வீடும் திட்டத்தை மாற்றியே ஆகவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. வீட்டுச் சுவரில் இருக்கும் அந்தச் சின்ன ஃபைபர் பெட்டி வரை வருவது நெட்லிங்க்கின் பொதுக் கட்டமைப்பு. எந்த நிறுவனத்திடம் வாங்கினாலும் பெரும்பாலும் அதே நார்தான். பழைய வேகம் போதாது என்றதும் வெறும் பயமுறுத்தல்தான். நேரலை வகுப்பில் முகம் தெளிவாகத் தெரிய 4 எம்பிபிஎஸ் அளவே போதும். 1 ஜிபிபிஎஸ் என்பதே 1,000 எம்பிபிஎஸ், அதாவது அதைப்போல 250 மடங்கு.

பிறகு ஏன் வகுப்பு நின்று நின்று வந்தது? எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் ரவுட்டர் கூடத்தில், பிள்ளைகளின் அறை பாம் ஷெல்ட்டர் என்ற பாதுகாப்பு அறைக்கு அந்தப் பக்கம். அந்தக் கனமான கான்கிரீட் சுவரும் இரும்புக் கதவும் வைஃபையை விழுங்கிவிடும். புதிய திட்டம் வந்தபிறகும் அறைக்குள் அதே கதை. மகளின் கணிதத் தேர்வு பாதியில் துண்டித்தது, பிள்ளை அழுதாள். எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை. படிப்பின் பெயரைச் சொல்லிப் பெற்றோரைப் பயமுறுத்துவது கேவலமான பிழைப்பு.

நிறுவனத்தைக் கேட்டால், வைஃபையை மற்ற அறைகளுக்கும் பரப்பும் மெஷ் கருவியைக் கூடுதல் பணம் கட்டி வாங்கச் சொன்னார்கள். வேண்டாம், ரத்து செய்யுங்கள் என்றால் மீதி மாதங்களைக் கணக்குப் போட்டு ஒரு பெரிய தொகை கேட்கிறார்கள். ஒப்பந்த நகலோ ரொம்பத் தாமதமாகத்தான் மின்னஞ்சலில் வந்தது. சுவரைத் தாண்டும் என்ற பேச்சு அதில் ஒரு வரிகூட இல்லை. அறைப் பிரச்சினை கடைசியில் ஒரு நீளமான லேன் கேபிளில் தீர்ந்தது. பழைய திட்டத்திலேயே அதைச் செய்திருக்கலாம்.

இப்படி யாராவது வந்தால், எல்லாவற்றையும் எழுத்தில் கேளுங்கள், அன்றே கையெழுத்துப் போடாதீர்கள். நாம் கூப்பிடாமல் வாசலுக்கு வந்து விற்றதை, சனி, ஞாயிறு, பொது விடுமுறை நீங்கலாக 5 நாளுக்குள் ரத்து செய்ய சட்டம் இடம் தருகிறது. எழுத்திலேயே ரத்து செய்யுங்கள். அந்த நாட்கள் போய்விட்டால் பயனீட்டாளர் சங்கத்திடம் போகலாம். தொலைத்தொடர்பு நிறுவனங்களுடனான தகராறுகளுக்கென்று 2022 ஜனவரியில் ஐஎம்டிஏ (தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம்) தொடங்கிய சமரசத் திட்டமும் இருக்கிறது. முதலில் நிறுவனத்திடம் பேசிப் பார்த்திருக்க வேண்டும். அதன்பின் நாம் விண்ணப்பித்தால் நிறுவனம் சமரசத்துக்கு வந்தே ஆகவேண்டும். நான் அதில்தான் விண்ணப்பித்திருக்கிறேன்.

வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு இன்னொன்று. மடிக்கணினிக்கும் இணையத்துக்கும் மானியம் தரும் டிஜிட்டல் ஆக்சஸ் அட் ஹோம் திட்டம் ஐஎம்டிஏ நடத்துவது. எங்கள் மாடியில் ஒரு பாட்டியிடம் இதே ஆள், "அந்த மானியத் திட்டம்தான் இது" என்று சொல்லியிருக்கிறார். நல்லவேளை, பேரன் வரட்டும் என்று அவர் கதவைச் சாத்திவிட்டார்.

அடுத்த பிளாக்கிலும் அந்த ஆளைப் பார்த்ததாகச் சொல்கிறார்கள். அவரிடம் கையெழுத்துப் போட்டவர்கள் யாராவது இருந்தால் ஒப்பந்த நகலையும் அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு எனக்குத் தகவல் சொல்லுங்கள், சேர்ந்தே புகார் கொடுப்போம்.