ஜெல்லா, பலூனா? வலி வரவழைக்க இரண்டு வழிகள்

41 வாரம் ஆகியும் கர்ப்பப்பை வாய் கெட்டியாகவே இருந்தால், சென்னையில் டாக்டர்கள் பெரும்பாலும் ஜெல் அல்லது பலூன் என்பார்கள். அடையாற்றில் எங்கள் வீட்டில் மூன்றாவதாக அத்தை போட்ட சீரகக் கஷாயமும் இருந்தது. குடித்தேன், ருசியாகத்தான் இருந்தது.

கர்ப்பப்பை வாய் பெரும்பாலும் கொலாஜன் நார்தான். மாதக்கணக்கில் குழந்தையைத் தாங்குவது அதன் இறுக்கம். பிரசவம் நெருங்கும்போது அந்த நார்க்கட்டுகள் பிரிகின்றன, ஹயலூரோனிக் அமிலம் கூடி நீரை இழுத்துக்கொள்கிறது. மூக்கு நுனி போல இருந்தது உதடு போல மெத்தென்று ஆகிவிடும். இதைத் தூண்டுவதில் உடம்பே சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளுக்குப் பெரிய பங்கு உண்டு. ஜெல் அதை வெளியிலிருந்து தருகிறது. ஒரு சிரிஞ்சில் 0.5 மில்லிகிராம் டைனோப்ரோஸ்டோன், அதாவது மருந்தாகத் தரும் புரோஸ்டாகிளாண்டின். பலூனில் மருந்தே கிடையாது. சிறுநீருக்குப் போடும் அதே ஃபோலி டியூபைக் கர்ப்பப்பை வாய் வழியாக உள்ளே விட்டு, அதன் நுனிப் பலூனில் 30 முதல் 80 மில்லி வரை சலைன் ஏற்றுவார்கள். அது அழுத்த அழுத்த, உடம்பு தன் புரோஸ்டாகிளாண்டினைத் தானே சுரக்கிறது.

வேகத்தில் ஜெல்தான் முன்னால். 2011இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த நெதர்லாந்து ஆய்வில் பிரசவம் வரை ஜெல்லுக்குச் சுமார் 18 மணி நேரம், பலூனுக்கு 29. சிசேரியன் அளவில் பெரிய வித்தியாசம் இல்லை.

அப்புறம் ஏன் பலூன்? வேண்டாமென்றால் எடுத்துவிடலாம், அதுதான் காரணம். ஜெல்லில் சிலருக்கு வலி அளவு மீறும். 10 நிமிடத்தில் 5 முறைக்கு மேல் கர்ப்பப்பை சுருங்கினால் குழந்தையின் இதயத்துடிப்பு இறங்கக்கூடும். உள்ளே போன மருந்தைத் திரும்ப எடுப்பது எளிதல்ல. சுருக்கத்தை அடக்க வேறு ஊசி போட வேண்டிவரும். பலூனில் சலைனை உறிஞ்சினால் டியூப் கையோடு வந்துவிடும். நடுராத்திரியில் இந்த வித்தியாசம் எனக்குப் பெரிதாகப் பட்டது. முன்பு சிசேரியன் ஆனவர்களுக்கும் பல டாக்டர்கள் பலூனையே விரும்புவதற்கு, தழும்பின் மேல் வலி முரட்டுத்தனமாக வரக்கூடாது என்பதே காரணம்.

எனக்குப் போட்டது பலூன். சுகமாக இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். டியூபைத் தொடையில் பிளாஸ்திரி போட்டு ஒட்டுவார்கள், பாத்ரூம் போகும்போதெல்லாம் இழுக்கும். வாய் சுமார் 3 சென்டிமீட்டர் திறந்ததும் தானாக விழுந்துவிட்டது. சரி, முடிந்தது என்று நினைத்தால் இல்லை. வாய் திறப்பது வேறு, வலி பிடிப்பது வேறு. வலி பிடிக்க எனக்கு ஆக்ஸிடாசின் என்ற மருந்தை டிரிப்பாகவும் ஏற்றினார்கள். ஜெல் வைத்த சிலருக்கு அது தேவைப்படாமலே போகிறது, அந்த அளவில் ஜெல்லுக்கு ஒரு மதிப்பெண்.

பனிக்குடம் முன்பே உடைந்திருந்தால் கணக்கு மாறலாம், அது எனக்கு நேரவில்லை. வலி வரவழைக்கத் தரும் இன்னொரு மருந்தான மிசோப்ரோஸ்டால் மாத்திரையிலும் எனக்கு அனுபவம் இல்லை. முன்பு சிசேரியன் ஆனவர்களுக்குப் பொதுவாக அதைத் தவிர்ப்பார்கள் என்று மட்டும் டாக்டர் சொன்னார்.