ஏசியில் கேஸ் ‘தீர்ந்துவிட்டது’ என்று சொல்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள்

ஏசியில் இருக்கும் கேஸ் தீர்ந்துபோகாது. வண்டியில் பெட்ரோல் எரிவது போல அது எரிந்து செலவாவதில்லை. கம்ப்ரஸர் அதை அழுத்திச் சூடாக்குகிறது. வெளி யூனிட்டின் காயிலில் அது வெப்பத்தை விட்டுவிட்டுத் திரவமாகிறது. குறுகிய வழியில் புகுந்து அழுத்தம் குறைந்து குளிர்கிறது. உள் யூனிட்டின் காயிலில் அறையின் வெப்பத்தை வாங்கிக்கொண்டு ஆவியாகி மறுபடி கம்ப்ரஸருக்கே திரும்புகிறது. மூடிய செம்புக் குழாய்க்குள் ஆண்டுக்கணக்கில் அதே கேஸ்தான் சுற்றி வருகிறது. குறைந்திருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது என்று பொருள். தானாகக் குறைவதற்கு வேறு காரணமே கிடையாது.

இதை முதலிலேயே சொல்லிவிடக் காரணம், திருவான்மியூரில் இருக்கும் என் பெற்றோரிடம் ஒரு சர்வீஸ் நிறுவனம் கோடைதோறும் இந்த ஒரு பொய்யைச் சொல்லியே பணம் வாங்கியிருக்கிறது. அப்பா ஓய்வுபெற்ற ஆசிரியர். அம்மா இதய நோயாளி. மே மாத வெயிலில் அவருக்கு ஏசி அவசியத் தேவை. ஏசி ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஸ்ப்ளிட், கேஸ் ஆர்-32. ஏப்ரல் வந்ததும் குளிர் குறையும், அப்பா போன் செய்வார், ஆட்கள் வருவார்கள், “வருடம் ஒரு முறை கேஸ் போட வேண்டும் சார், எல்லா வீட்டிலும் அப்படித்தான்” என்று சொல்லி 3,500 ரூபாய் வாங்கிக்கொண்டு போவார்கள். சில வாரங்கள் நன்றாகக் குளிரும். அதனால் அப்பாவுக்குச் சந்தேகமே வரவில்லை.

இந்த முறை அவர்கள் வந்தபோது நான் வீட்டில் இருந்தேன். இரண்டு இளைஞர்கள். உள் யூனிட்டின் மூடியைக்கூடத் திறக்கவில்லை. நேராகப் பால்கனிக்குப் போய் வெளி யூனிட்டில் கேஜை, அதாவது அழுத்தம் அளக்கும் கருவியை, மாட்டினார்கள். “பாருங்கள் சார், 80 காட்டுகிறது. 150 இருக்க வேண்டும். கேஸ் காலி” என்றார் ஒருவர்.

“எங்கே லீக் ஆகிறது தம்பி?” என்று கேட்டேன்.

“லீக் எல்லாம் இல்லை சார். வெயிலில் தானாகவே ஆவியாகிவிடும்.”

அப்பா பக்கத்தில் நின்று தலையாட்டிக்கொண்டிருந்தார். நாற்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன மனிதரிடம் அந்த இளைஞர் இப்படிச் சொன்னதை என்னால் இன்னும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. குழாய்க்குள் ஆவியாவதும் திரவமாவதும்தான் கேஸின் வேலையே. ஆவியானாலும் அது மூடிய குழாயை விட்டு எங்கே போகும்? லீக்கைப் பார்த்துவிட்டுப் போடுங்கள் என்று நான் சொன்னபோது, “அதற்கெல்லாம் தனி சார்ஜ், மெஷினைக் கடைக்குக் கொண்டுபோக வேண்டும்” என்றார்கள். அம்மா உள்ளே வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “போடச் சொல்லிவிடுப்பா” என்றார் அப்பா. எடை மெஷின் இல்லை, குழாய்க்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுக்கும் வேக்குவம் பம்ப் இல்லை. கேஜ் முள் மேலே ஏறும்வரை சிலிண்டரைத் திறந்து வைத்திருந்துவிட்டு, பில்லில் ‘ஃபுல் கேஸ் சார்ஜிங்’ என்று எழுதி 3,800 ரூபாய் வாங்கினார்கள்.

அந்த 80 என்ற எண்ணைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் மக்கள் ஏமாறுவது அந்த இடத்தில்தான். கேஜில் தெரிவது அழுத்தம். குழாய்க்குள் எத்தனை கிராம் கேஸ் இருக்கிறது என்பதை அது சொல்லாது. ஏசி நின்றிருக்கும்போது, உள்ளே கொஞ்சம் திரவம் இருந்தாலே போதும், அழுத்தம் வெளி வெப்பநிலையைப் பொறுத்ததாகிவிடும். 35 டிகிரியில் ஆர்-32 ஏறக்குறைய 300 பிஎஸ்ஐ (கேஜில் அழுத்தத்தைக் குறிக்கும் அலகு) காட்டும், பாதி கேஸ் போயிருந்தாலும் சரி, முழுதாக இருந்தாலும் சரி. ஓடும்போது, கேஸ் கம்ப்ரஸருக்குத் திரும்பி வரும் பக்கத்தில் 115 முதல் 140 வரை இருப்பது வழக்கம். ஆனால் அது அறையின் வெப்பம், ஃபேனின் வேகம், கம்ப்ரஸரின் வேகம் என்று எல்லாவற்றோடும் சேர்ந்து மாறும். இன்வெர்ட்டர் ஏசியில் கம்ப்ரஸர் தன் வேகத்தைத் தானே கூட்டிக் குறைத்துக்கொண்டிருப்பதால், முழு வேகத்தில் ஓடவிடாமல் எடுத்த அளவுக்கு அர்த்தமே இல்லை. இன்னொன்று: ஃபில்டரிலும் உள் காயிலிலும் தூசி அடைத்துக் காற்றோட்டம் குறைந்தாலும் இந்த அழுத்தம் இறங்கும். கேஸ் சரியாக இருக்கும் வீட்டில்கூட அழுக்கு ஃபில்டரை வைத்தே “பாருங்கள், குறைவு” என்று காட்டிவிடலாம். ஃபில்டரைக் கழுவுவதற்கு முன்பே கேஜை எடுப்பவரை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

சில நாட்களிலேயே குளிர் மறுபடி குறைந்தது. போன் செய்தால், கேஸுக்கு உத்தரவாதம் கிடையாது என்றார்கள். வந்து பார்த்தவர் இந்த முறை வேறு கதை சொன்னார்: ஏசியை இயக்கும் எலக்ட்ரானிக் போர்டு போய்விட்டதாம், 9,500 ரூபாயாம், உடனே கழற்றிக் கடைக்கு எடுத்துப்போக வேண்டுமாம். ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்துவிட்டார். நான் விடவில்லை. ஏசி ஓடுகிறது, ரிமோட்டுக்குப் பதில் சொல்கிறது, எந்தப் பிழைக் குறியும் காட்டவில்லை, அப்புறம் போர்டு எப்படிப் போகும்? உங்கள் வீட்டிலும் போர்டைக் கழற்றி வெளியே கொண்டுபோக விடாதீர்கள். திரும்பி வருவது உங்கள் போர்டுதானா என்று கண்டுபிடிக்க உங்களுக்கு வழி இருக்காது.

எதிர் வீட்டுக்காரர் சொன்ன ஒரு மெக்கானிக்கை வரவழைத்தேன். ஐம்பதைத் தாண்டியவர், தனியாகவே வந்தார். முதலில் ஃபில்டரைக் கழற்றினார். உள் காயிலின் முகப்பில் தூசி கம்பளி போலப் படிந்திருந்தது. கழுவிவிட்டு வெளியே போனவர் கேஜை எடுக்கவில்லை, டார்ச்சை எடுத்தார். குழாயை வெளி யூனிட்டோடு இணைக்கும் ஃப்ளேர் நட்டைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு. “கம்ப்ரஸர் எண்ணெயும் கேஸோடு சேர்ந்துதான் சுற்றும் ஐயா. எண்ணெய் தெரிகிற இடத்தில் கேஸும் வெளியே வருகிறது” என்று அப்பாவிடம் காட்டினார். சோப்பு நுரையைத் தடவியதும் குமிழ் குமிழாகக் கிளம்பியது. நட்டில் விரிசல். கடற்கரை ஓரத்து உப்புக் காற்றும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார். கோடைதோறும் வந்து போனவர்களின் கை பட்ட இடத்துக்கு ஒரு சாண் தள்ளித்தான் அந்த நட் இருக்கிறது.

அதன் பிறகு அவர் செய்த வேலையைத்தான் நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். மிச்சமிருந்த கேஸை மெஷின் வைத்துத் தனி சிலிண்டரில் எடுத்துக்கொண்டார்; காற்றில் திறந்துவிடவில்லை. குழாய் முனையை வெட்டிப் புதிதாக விரித்துப் புது நட் போட்டார். நைட்ரஜனை நிரப்பி, அழுத்தம் இறங்குகிறதா என்று அரை மணி நேரம் காத்திருந்தார். பிறகு வேக்குவம் பம்பை ஓடவிட்டு, உள்ளே இருக்கும் அழுத்தத்தை 500 மைக்ரானுக்குக் (மிகக் குறைந்த அழுத்தத்தை அளக்கும் அலகு) கீழே கொண்டுவந்தார். இதைச் செய்யாவிட்டால் காற்றும் ஈரமும் உள்ளேயே தங்கிவிடும். ஈரம் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி கம்ப்ரஸர் மோட்டாரின் கம்பிச் சுருளை அரிக்கும். ஆர்-32 லேசாகத் தீப்பற்றக்கூடிய கேஸ் என்பதால், காற்று கலந்தால் ஆபத்தும் உண்டு. கடைசியாக சிலிண்டரை எடை மெஷினில் வைத்து, வெளி யூனிட்டின் தகட்டில் அச்சிட்டிருந்த 820 கிராமை அப்பாவைப் படிக்கச் சொல்லி, அந்த எடை வந்ததும் மூடினார். கால் மணி நேரம் ஓடிய பிறகு ஏசி உள்ளே இழுக்கும் காற்றுக்கும் வெளியே விடும் காற்றுக்கும் 11 டிகிரி வித்தியாசம் இருந்தது. 8 முதல் 12 வரை இருந்தால் சரி என்றார். போர்டு அதே பழைய போர்டுதான். அவர் வாங்கிய மொத்தத் தொகை, போர்டுக்குக் கேட்டதில் பாதிகூட இல்லை.

பணத்தை விட என்னை அதிகம் வருத்தும் விஷயம் ஒன்று உண்டு. நூறு ஆண்டுகளுக்குக் கணக்கிட்டால், ஆர்-32 அதே எடையுள்ள கரியமில வாயுவைப் போல 675 மடங்கு பூமியைச் சூடாக்கும். ஓசோன் படலத்தைக் காக்க 1987இல் மான்ட்ரியலில் உடன்பாடு போட்டு, ஆர்-22 போன்ற பழைய ஏசி கேஸ்களை உலகமே படிப்படியாக ஒதுக்கிக்கொண்டிருக்கிறது. 2016இல் கிகாலியில் அந்த உடன்பாட்டை விரிவாக்கி ஆர்-32 வகையையும் குறைக்க ஒப்புக்கொண்டார்கள். இங்கே ஒரு நட்டைப் பார்க்க மனமில்லாதவர்களால் கோடைதோறும் போட்ட கேஸெல்லாம் திருவான்மியூர்க் காற்றில் கலந்திருக்கிறது.

கேஸ் போட ஆள் வந்தால் லீக்கைக் காட்டச் சொல்லுங்கள். எடை மெஷினும் வேக்குவம் பம்பும் கொண்டுவந்திருக்கிறாரா என்று வாசலிலேயே கேளுங்கள். தகட்டில் இருக்கும் கேஸின் பெயரும் சிலிண்டரின் மேல் இருக்கும் பெயரும் ஒன்றா என்று பாருங்கள். பெயரே இல்லாத சிலிண்டரை உங்கள் ஏசியில் மாட்டவிடாதீர்கள். எத்தனை கிராம் போட்டார் என்பதைப் பில்லில் எழுதி வாங்குங்கள். பெற்றோர் தனியாக இருக்கும் வீடு என்றால், கேஜைக் காட்டிப் பேசத் தொடங்கியதும் உங்களுக்குப் போன் செய்யச் சொல்லிவையுங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுத்திருக்கிறேன். அப்பா பழைய பில்களையெல்லாம் ஒரு கோப்பில் தைத்து வைத்திருந்தார். ஒவ்வொன்றிலும் ‘ஃபுல் கேஸ் சார்ஜிங்’, ஒன்றில்கூட எடை இல்லை. விரிசல் விட்ட நட்டின் படத்தோடு அவற்றையும் இணைத்திருக்கிறேன். நிறுவனம் பதில் சொன்னதும் இதே பதிவில் சேர்க்கிறேன்.