செல்யாபின்ஸ்க் விண்கல் துண்டு: கல் நன்று, விலை அதிகம்

ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் பகுதிக்கு மேலே 2013 பிப்ரவரி 15 அன்று வெடித்துச் சிதறிய விண்கல்லின் துண்டு ஒன்றை, இணைய விற்பனையாளர் ஒருவரிடம் கிராமுக்கு 45 டாலர் கொடுத்து வாங்கினேன். கல்லில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சுண்டைக்காய் அளவே உள்ள அதன்மேல், வளிமண்டலத்தில் உருகி உறைந்த கரிய ஓடு அப்படியே இருக்கிறது. ஓரத்தில் சற்றே பெயர்ந்த இடத்தில் உள்ளிருக்கும் வெளிர்சாம்பல் நிறம் தெரிகிறது.

விலைதான் உறுத்துகிறது. மிக அரிய கல் என்று சொல்லி விற்றார்கள். ஆனால் பனியில் விழுந்திருந்த துளைகளைப் பார்த்தே ஊர் மக்கள் ஏராளமான துண்டுகளைப் பொறுக்கியிருக்கிறார்கள். அதே ஆண்டு அக்டோபரில் அப்பகுதியிலுள்ள செபார்குல் ஏரியின் அடியிலிருந்து இதே விண்கல்லின் அரை டன்னுக்கும் மேற்பட்ட துண்டு ஒன்று வெளியே எடுக்கப்பட்டது. வகையிலும் இது சாதாரணக் கோண்டிரைட்தான், அதாவது விண்கற்களில் மிகப் பரவலாகக் கிடைக்கும் கல்வகை. சகாராவில் கிடைக்கும், புகழ் பெறாத சாதாரணக் கோண்டிரைட்டுகள் கிராமுக்கு ஓரிரு டாலருக்குக் கிடைக்கின்றன. வெடிப்பைக் காட்டிய காணொளிகளால் செல்யாபின்ஸ்க் கல்லுக்கு வந்த புகழுக்காகச் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பதில் எனக்கு மறுப்பில்லை. இல்லாத அருமையைச் சொல்லி விலையேற்றுவது, ஆசையோடு சேகரிக்க வருகிற மாணவர்களை விரட்டிவிடும் என்பதே என் வருத்தம்.

உடன் வந்த சான்றிதழ் விற்பனையாளரே அச்சிட்டது. அதில் எடைகூட இல்லை. இரண்டு கிராமுக்குப் பணம் வாங்கியிருந்தார்கள். என் தராசு 1.8 கிராம் காட்டியது. படம் எடுத்து அனுப்பியதும் வித்தியாசத் தொகையை மறுபேச்சின்றித் திருப்பித் தந்தார்கள்.