காய்ச்சலுக்கு எந்தப் பரிசோதனை? கூடலூரிலிருந்து ஒரு கணக்கு

டெங்குவைக் கண்டுபிடிக்க என்.எஸ்.1, ஐ.ஜி.எம்., பி.சி.ஆர். என மூன்று வழிகள் இருக்கின்றன. நீலகிரி மாவட்டத்துக் கூடலூர்ப் பக்கத்தில் “எது சார் நல்லது?” என்று கேட்பவர்கள், விலை கூடியதுதான் துல்லியமானது என்ற நினைப்போடு கேட்கிறார்கள். முதலில் தெரியவேண்டியது வேறு: காய்ச்சல் தொடங்கி இன்று எத்தனையாவது நாள்?

என்.எஸ்.1 என்பது வைரஸ் பெருகும்போது ரத்தத்தில் கலக்கும் புரதம். முதல் நாளிலேயே பிடிபடும். ஐந்து நாள் கடந்தால் பெரும்பாலும் குறையத் தொடங்கும். ஐ.ஜி.எம். நம் உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள். அது தலைகாட்டவே நான்கைந்து நாள் ஆகும். இரண்டாம் நாளில் எடுத்த ஐ.ஜி.எம். ‘நெகட்டிவ்’ என்று வந்தால் அந்தத் தாளால் ஒரு பயனும் இல்லை. வந்தபின் அது இரண்டு மூன்று மாதம் தங்கவும் செய்யும். ஆடியில் வந்துபோன டெங்குவின் எதிர்ப்பொருள், புரட்டாசியில் வந்த சாதாரணக் காய்ச்சலையும் டெங்கு என்று காட்டிவிடும்.

அரசு ஏற்பது, ஆய்வகத்தில் குழிகள் கொண்ட தட்டில் செய்யும் எலிசா முறையை: முதல் ஐந்து நாளுக்கு என்.எஸ்.1, பிறகு ஐ.ஜி.எம். நியாயமான விதிதான். ஆனால் அந்தத் தட்டில் 96 குழிகள். மாதிரிகள் சேரும்வரை ஆய்வகம் காத்திருக்கும். கருவிக்கு மின்சாரமும் வேண்டும். தென்மேற்குப் பருவமழையில் தேவாலா, பந்தலூர்ப் பக்கம் மரம் விழுந்து கம்பியும் சாலையும் சேர்ந்தே போய்விடும். அப்போது இருபது நிமிடத்தில் கோடு காட்டும் என்.எஸ்.1 விரைவுச் சோதனை அட்டைக்கே என் ஓட்டு. ஒரு நிபந்தனை: அட்டை ‘இல்லை’ என்றால் நம்பிவிடக் கூடாது. ஏற்கெனவே ஒருமுறை டெங்கு கண்டவரிடம் என்.எஸ்.1 பழைய எதிர்ப்பொருளோடு ஒட்டிக்கொண்டு மறைந்துவிடலாம். தட்டணுக்களையும் ரத்தச் செறிவையும் தொடர்ந்து பார்க்கவேண்டும்.

பி.சி.ஆர். வைரஸின் மரபுப்பொருளையே தேடும் சோதனை. டெங்குவின் நான்கு வகைகளில் எது என்றுகூடச் சொல்லும். பரவலை ஆராய்பவர்களுக்கு அது பொக்கிஷம். படுக்கையில் கிடப்பவருக்கோ எந்த வகையானாலும் அதே சிகிச்சை. தவிர, அந்த மரபுப்பொருளான ஆர்.என்.ஏ. எளிதில் சிதையும். ஊட்டிக் குளிரை நம்பிப் பனிக்கட்டிப் பெட்டியில்லாமல் அனுப்பினால் மேட்டுப்பாளையம் வெயிலில் கணக்கு தவறிவிடும்.

அப்படியானால் பி.சி.ஆர். இங்கே வேண்டாமா? வேண்டும், டெங்குவுக்காக அல்ல. கூடலூருக்கு அண்டை வயநாடும் மலப்புறமும். 1957-இல் கர்நாடகத்தின் கியாசனூர் காட்டில் கண்டறியப்பட்ட குரங்குக் காய்ச்சல் வயநாடுவரை வந்திருக்கிறது. உண்ணி பரப்பும் அந்த வைரஸ் டெங்குவின் குடும்பம்தான். எதிர்ப்பொருள் சோதனை ஒன்றை மற்றொன்றாகக் காட்டக்கூடும். காட்டுக்குள் போய்வந்தவருக்குக் காய்ச்சல் என்றால் முதல் வாரத்திலேயே பி.சி.ஆர். கேட்பது நல்லது.

2018-இல் கோழிக்கோட்டை உலுக்கிய நிபா வைரஸ் இன்னும் கடுமையான விஷயம். ரத்தத்தோடு தொண்டைச் சளி, சிறுநீர் மாதிரிகளும் தேவை, எடுப்பவருக்கே ஆபத்து. சந்தேகம் எழுந்தால் தெருமுனை ஆய்வகத்துக்கு ஓடாமல் சுகாதாரத் துறைக்குச் சொல்லவேண்டும். மூன்றடுக்குப் பொதியில் மாதிரியை உரிய ஆய்வகத்துக்கு அனுப்புவது அவர்கள் பொறுப்பு.