பாடாங் செராயில் முதல் வாடகை வீடு: ஏஜெண்ட் அக்காவின் சேவை எப்படி?

வாடகைக்கு விட முதல் வீடு வாங்குபவர்கள் மலேசியாவின் கெடா மாநிலத்துப் பாடாங் செராய் கடைவரிசை மாடியில் இருக்கும் இந்த வீட்டு ஏஜெண்ட் அலுவலகத்துக்குத் தாராளமாகப் போகலாம். குறையும் உண்டு, பின்னால் சொல்கிறேன்.

என் மனசு புதுத் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) பார்த்த இரண்டு மாடி வீட்டில்தான் இருந்தது. அக்கா கேட்ட முதல் கேள்வியே, "சரி தம்பி, அங்க யார் குடிவருவாங்க?" என்பதுதான். அவரிடம் வாடகை வீடு கேட்டு வருபவர்களில் கூலிம் ஹைடெக் பார்க் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் குடும்பங்கள் அதிகம். அவர்களுக்கு வேண்டியது மூன்று அறை, ஒரு மைவி கார் நிறுத்த இடம், தொழிற்சாலை பஸ் வரும் ரோடு. மாடி வேண்டாமாம், கூட்டிப் பெருக்குவது யார்!

அவர் காட்டிய பழைய தரை வீட்டுக்கு விலை 220,000 வெள்ளி (ரிங்கிட்). 90 விழுக்காடு கடன், 35 ஆண்டு, 4.2 விழுக்காடு வட்டி என்று கணக்குப் போட்டால் மாதத் தவணை சுமார் 900 வெள்ளி. அந்த வரிசையில் வாடகையும் 900தான்! "அப்போ லாபம் எங்கேக்கா?" என்றேன். "இப்போ இல்ல. பெயிண்டு, தண்ணி டேங்கு, நில வரி, மதிப்பீட்டு வரி எல்லாம் உங்க பாக்கெட்டுதான். மூணு வருசத்துக்குள்ள வித்தா லாபத்துல 30 விழுக்காடு வரி வேற. அதனால லாபத்தை வாங்குற விலையில பிடிங்க" என்றார். அவரே பேசி 205,000க்கு இறக்கினார்; தவணை 840 ஆனது. விலை குறைந்தால் விற்பவர் தரும் கமிஷனும் குறையும் என்று தெரிந்தே செய்தார். எனக்கு அவர் மேல் நம்பிக்கை வந்தது அங்கேதான்.

இன்னொன்று, கெடாவில் மலாய்க்காரர்களுக்கென ஒதுக்கிய மலாய் ரிசர்வ் நிலம் நிறைய உண்டு. நம்மவர்கள் வாங்க முடியாது. நில அலுவலகத்தில் கிராண்டை (நிலப் பத்திரத்தை) தேடிப் பார்த்த பிறகுதான் முன்பணம் கேட்டார். கழுத்தில் பதிவு எண் போட்ட அட்டையும் தொங்குகிறது. அது இல்லாத ஏஜெண்டிடம் பணம் கொடுக்காதீர்கள்.

இப்போது குறை. குடியிருக்க ஆள் பிடித்துத் தர ஒரு மாத வாடகையை எடுத்துக்கொள்கிறார். இரண்டு மாத டெபாசிட், தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம் வாங்கி ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவதோடு சரி. மின்சாரக் கணக்கைப் பெயர் மாற்றுவது, கூரை ஒழுகினால் ஆள் தேடுவது எல்லாம் நம் தலையில். போனையும் உடனே எடுக்கமாட்டார். வாட்சாப்பில் குரல் பதிவு அனுப்பினால் இரவுக்குள் பதில் வந்துவிடும்.