நனைந்த பேட்டரி நன்றாகத்தான் ஓடுகிறது, ஆனாலும் மாற்றுகிறேன்

கும்பகோணத்தில் கல்யாணப் படம் எடுக்கும் நண்பர் போன வாரம் கேட்டார்: "மழையில பை நனைஞ்சிடுச்சுண்ணே. கேமரா பேட்டரி வேலை செய்யுது, தொடர்ந்து போடலாமா?" என்னிடம் இருந்த பேட்டரிகளில் இரண்டு நனைந்தவை என்று அவருக்குத் தெரியும். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே மாடல்.

முதலாவது ஆடிப்பெருக்கன்று திருவையாறு படித்துறையில் விழுந்தது. புதுமணத் தம்பதி கல்யாண மாலையை ஆற்றில் விடும் நேரம், உதவிக்கு வந்த தம்பியின் கையிலிருந்து நழுவிவிட்டது. நல்லவேளை, கீழ்ப்படியிலேயே தங்கியது. துடைத்து, நிழலில் சில நாள் காற்றாட வைத்துவிட்டுப் போட்டேன். அதற்கப்புறம் எத்தனையோ முகூர்த்தம் பார்த்துவிட்டது, ஒருமுறைகூடப் பாதியில் கைவிட்டதில்லை. விலையைக் கேட்டு மலைப்பவர்களிடம் தைரியமாகச் சொல்வேன், அதன் தரத்தில் எனக்குக் குறையே கிடையாது.

இரண்டாவது முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குப் படகில் போனபோது நனைந்தது. அங்கே உப்புநீர். அதுவும் முதலில் ஓடியது. கொஞ்ச நாளில் சார்ஜரின் விளக்கு தாறுமாறாக மினுக்கியது, எடுத்தால் கை சுட்டது, முதுகும் லேசாக உப்பியிருந்தது.

ஆற்றுத் தண்ணீர் மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாது, உப்புநீர் நன்றாகக் கடத்தும். முழு சார்ஜில் இந்த பேட்டரியின் முனைகளில் 8.4 வோல்ட் நிற்கும். அங்கே உப்புநீர் தேங்கினால் உலோகத்தையே அரித்துவிடும். உள்ளே இரண்டு லித்தியம் அயான் செல், கூடவே ஒரு சின்ன சர்க்யூட் போர்டு. சார்ஜ் மிஞ்சாமலும் ஷார்ட் ஆகாமலும் காப்பது அந்த போர்டுதான். அது அரித்துப்போனாலும் கேமரா படம் எடுத்துக்கொண்டிருக்கும். காய்ந்த உப்பும் சும்மா இருக்காது, ஐப்பசிக் காற்றின் ஈரத்தைத் திரும்ப இழுக்கும்.

எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான். ஒட்டி மூடிய பெட்டி, திறந்து பார்க்க வழியில்லை. திறக்கவும் கூடாது. தண்ணீர் உள்ளே போனதா இல்லையா என்று தெரிந்துகொள்ள ஒரு சின்ன அடையாளம்கூட வைக்கவில்லை. சர்வீஸ் கவுண்டரில் கேட்டால், கையில் வாங்கிக்கூடப் பார்க்காமல் "காய வச்சுப் போடுங்க, ஒண்ணும் ஆகாது" என்று அனுப்பிவிட்டார்கள். அந்தப் பேச்சை நம்பி ராத்திரி சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்குகிறவர்கள் எத்தனை பேரோ! அரிசியில் புதைக்கும் வைத்தியமும் வேண்டாம். மாவுத்தூசிதான் ஒட்டும். வெயிலும் ஹேர் டிரையரும் அதைவிட மோசம், லித்தியம் செல்லுக்குச் சூடு ஆகாது.

நண்பருக்கு நான் சொன்னது இதுதான். மேலே மழைத்துளி பட்டதோடு சரி என்றால், நன்றாகக் காயவிட்டு, முதல் சார்ஜைக் கண் முன்னால் வெறும் தரையில் வைத்துப் போடுங்கள். பக்கத்தில் துணி, மெத்தை எதுவும் வேண்டாம். சூடு, உப்பல், ஒரு மாதிரி இனிப்பு வாசனை, எது தெரிந்தாலும் அத்தோடு நிறுத்திவிடுங்கள். தண்ணீரில் மூழ்கியதையோ உப்புநீர் பட்டதையோ சார்ஜரில் செருகவே வேண்டாம். குப்பையிலும் போடாதீர்கள், நசுங்கினால் தீப்பிடிக்கும். முனைகளில் டேப் ஒட்டி மின்கழிவு எடுக்கும் இடத்தில் கொடுங்கள்.

திருவையாற்றில் விழுந்ததும் மூழ்கியதுதானே. நேற்றுகூட ஒரு ரிசப்ஷன் முழுக்கத் தாங்கியது. இருந்தாலும் அதை இந்த மாதமே கொடுத்துவிடப் போகிறேன். பந்தல் துணிக்கும் குழந்தைகளுக்கும் நடுவே அதைச் சார்ஜில் போட எனக்கு மனம் வரவில்லை. புதிதாக வாங்கப்போவதும் இதே கம்பெனி, இதே மாடல்தான்.