கிளிமூக்குச் சேவலைப் பாடம் செய்யக் கொடுக்கிறவர்கள் கவனத்துக்கு

கீழக்கரை, ஏர்வாடி, தேவிபட்டினம் பக்கம் கிளிமூக்கு விசிறிவால் இனச் சேவல் வளர்க்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். செத்துப்போன சேவலின் தோலை உரித்துப் பதப்படுத்திப் பாடம் செய்து, நின்ற கோலத்தில் அப்படியே தருகிறேன் என்று ஒருவர் ஊர் ஊராக ஆர்டர் பிடிக்கிறார். எங்கள் செங்கருப்புச் சேவல் அவரிடம் போய், வேறு தலையோடு திரும்பி வந்திருக்கிறது.

கிளிமூக்குக்கு மதிப்பே முகத்தில்தான். குட்டையாக வளைந்து இறங்கும் மூக்கு, தலையோடு ஒட்டிய சின்னக் கொண்டை, வெளிறிய கண். வந்த தலையிலோ நேரான நீட்டு அலகு, நிமிர்ந்த ரம்பக் கொண்டை, செம்மஞ்சள் கண். அலகோரத்தை நகத்தால் சுரண்டினேன். பெயின்ட் உரிந்து உள்ளே வெள்ளையாக ரெசின் தெரிந்தது. அச்சில் வார்த்த அந்தத் தலை பெரிசு, தோல் எட்டவில்லை. கண்ணுக்குப் பின்னால் விரிந்த இடத்தில் எம்-சீல் வைத்து அடைத்து, மேலே இறகை ஒட்டியிருக்கிறார். வீட்டில் அம்மா அதைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

போனில் கேட்டால், "அண்ணே, ஒரிஜினல் தலையில கொழுப்பு கசியும், பூச்சி அரிக்கும். அதான் ரெடிமேட் போட்டேன்" என்கிறார். சரி, எங்கள் சேவலின் மண்டை எங்கே? "அதை அன்னைக்கே தூக்கிப் போட்டாச்சே."

செயற்கைத் தலை போடுவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. கொண்டையும் தாடியும் வெறும் சதை, காய்ந்தால் சுருங்கிக் கறுத்துவிடும். வாத்துக்கு அலகே சுருங்கும், மண்டையில் கொழுப்பும் அதிகம். அதனால்தான் வார்ப்புத் தலை வைக்கிறார்கள். ஆனால் இது மாதிரி தனி முகவாக்கு உள்ள சேவலென்றால், தோலை உரிக்கும் முன் அதன் தலையிலேயே சிலிகான் அச்செடுத்து ரெசின் ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் மூளை, கண், நாக்கு, சதை எல்லாம் நீக்கிச் சுத்தம் செய்த சொந்த மண்டையோட்டையே உள்ளே வைத்துக் கண்ணாடிக் கண் பொருத்தலாம். அப்போது மூக்காவது அசலாக நிற்கும். இவர் இரண்டும் செய்யவில்லை, தலையை மாற்றப்போவதாக ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. முக்கால்வாசிப் பணத்தை மட்டும் முன்னாடியே வாங்கிக்கொண்டார்.

யாரிடம் கொடுத்தாலும் சொந்த மண்டையா, வார்ப்பா என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். வார்ப்பு என்றால் எந்த அச்சு என்று கேளுங்கள். இரண்டு பக்க முகத்தையும் படம் எடுத்து, மூக்கின் நீளத்தை நூல் வைத்து அளந்து குறித்துவையுங்கள். மண்டையைத் திருப்பித் தரச் சொல்லுங்கள்.

மயிலும் செய்து தருவாராம். மயில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள பறவை. செத்துக் கிடந்தாலும் வனத்துறைக்குத்தான் சொல்ல வேண்டும். அந்தப் பேச்சுக்கே போகாதீர்கள்.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கப் படங்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். இவரிடம் இதேபோல் தலை மாறி வாங்கியவர்கள் இருந்தால் சேவலின் பழைய படத்தோடு என்னிடம் சொல்லுங்கள், சேர்ந்தே கொடுப்போம்.